முதல் .22 ரைஃபிள்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் எந்த வழியில் போகலாம்?

விலை கட்டுப்படியாகும் ஒரு .22 (குழல் விட்டம் 0.22 அங்குலம்) போல்ட்-ஆக்‌ஷன் (ஒவ்வொரு சுடுகைக்கும் தாழ்ப்பாள்போல் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும்) ரைஃபிளை வாங்கி, நம் உடம்புக்கு ஏற்றபடி சீர்செய்து, குறி பழக வேண்டும் என்ற ஆசையோடு வருபவர்கள் நம் பக்கத்தில் பெருகிவருகிறார்கள். என்.சி.சி. முகாமில் .22 டீலக்ஸ் ரைஃபிளால் சுட்ட ருசி விடாதவர்கள் சிலர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கியதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் சிலர். உலகக் கோப்பைகளில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர் என்பது தெரிந்த பிறகு, கடலூர் வீடுகளில் இந்தப் பேச்சுக்குத் தனி உற்சாகமே வந்துவிட்டது.

வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: வாங்கிய பிறகு ஒரு வருஷத்தில் அதை வைத்து எத்தனை முறை சுட முடியும்? போட்டி என்றால் 60 சுடுகை. அதற்கு முன்னால் சைட் (குறிபார்க்கும் பகுதி) சரிபார்க்கச் சுடுவதையும் சேர்த்தால், ஒரு நல்ல பயிற்சி நாளுக்கு எண்பது தோட்டா போய்விடும். வாரம் இரண்டு நாள் பழகினால் மாதத்துக்கு அறுநூறைத் தாண்டும். சாதாரண லைசன்ஸ் புத்தகத்தில் ஆண்டுக்கு இத்தனை, ஒரே நேரத்தில் இத்தனை என்று ஒரு தோட்டா வரம்பு எழுதியிருக்கும். அந்த எண்ணை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். .22 என்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி. லைசன்ஸ் இல்லாமல் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது. லைசன்ஸ் எடுக்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 12 வயது நிறைந்த பிள்ளைகள் பயிற்சிக்காக, விதிகள் சொல்லும் கண்காணிப்பில் சுடலாம். காற்றழுத்தத்தால் பெல்லட் என்ற சிறு ஈயக்குண்டைச் சுடும் ஏர் ரைஃபிளுக்குக் கணக்கு வேறு. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 4.5 மி.மீ., ஆற்றல் 20 ஜூல் என்ற அளவுகளைத் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு லைசன்ஸ் வேண்டாம். அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் முள்ளோடையைத் தாண்டினால் ஆட்சி எல்லை மாறிவிடுகிறது. பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டுப் பக்கம் எல்லை துண்டு துண்டாகக் கலந்து கிடக்கிறது. ஒரே சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து திரும்பப் புதுச்சேரிக்குள் வந்துவிடுவோம். லைசன்ஸில் 'செல்லுபடியாகும் பகுதி' என்று இருக்கும் இடத்தில் தமிழ்நாடு மட்டும் எழுதியிருந்தால், அந்த ரைஃபிளோடு புதுச்சேரி வழியாகப் போவது குற்றமாகிவிடும். விண்ணப்பம் போடும்போதே, பயிற்சிக்கும் போட்டிக்கும் எங்கெல்லாம் போக வேண்டியிருக்கும் என்று எழுத்தில் சொல்லி அந்தப் பகுதியை விரிவாகக் கேளுங்கள். பிறகு மாற்றுவது பெரிய அலைச்சல்.

வெளிநாட்டுப் பெயர்களைப் பற்றி

காணொளிகளில் சாவேஜ் மார்க் 2, சி.இசட் 457, ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர், டிக்கா டி1எக்ஸ் எல்லாம் வரிசையாக வரும். அமெரிக்காவில் 'கட்டுப்படியாகும் விலை' என்றால் இவைதான். சாவேஜில் டிரிகர் எடையைச் சொந்தக்காரரே கூட்டிக் குறைக்கலாம். சி.இசட் 457-இல் பேரலையே (குழலையே) வீட்டில் மாற்றலாம். டிக்காவுக்கு அதன் பெரிய ரைஃபிளின் ஸ்டாக்கே (பிடிக்கும் கட்டையே) பொருந்தும். நல்ல வேலைப்பாடு, மறுப்பதற்கில்லை. ஆனால் 1980-களின் நடுவிலிருந்து இந்தியாவில் தனியார் துப்பாக்கி இறக்குமதி அடைபட்டுக் கிடக்கிறது. தேசிய ரைஃபிள் சங்கத்தின் வழியாக, குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்துத் தகுதி பெற்ற வீரர்களுக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். முதல் ரைஃபிள் வாங்குபவருக்கு இந்தப் பெயர்கள் பாடப்புத்தகம்தான். எதைச் சரிசெய்தால் குறி மேம்படும் என்று அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

நமக்கு உண்மையில் இருப்பவை மூன்று வழிகள்.

முதல் வழி: ஏர் ரைஃபிள் சொந்தமாக, .22 கிளப்பில்

என் பரிந்துரை பெரும்பாலும் இதுதான். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்தாவது வளையம் என்பது அரை மி.மீ. புள்ளி. 50 மீட்டர் ரைஃபிளில் அது 10.4 மி.மீ. ஏர் ரைஃபிளில் சிறு பிசகும் ஒளியாது. 4.5 மி.மீ. பெல்லட்டின் நடு அந்த அரை மி.மீ. புள்ளியை விட்டு ஓர் இழை நகர்ந்தாலும் மதிப்பெண்ணின் தசமத்தில் தெரிந்துவிடும். பெல்லட் மெதுவாகப் போவதால் டிரிகர் விழுந்த பிறகும் பேரலுக்குள் கூடுதல் நேரம் இருக்கும். அந்த நேரத்தில் தோளோ கன்னமோ அசைந்தால் குறித்தாள் காட்டிக்கொடுத்துவிடும். இதில் ஒழுங்கு வந்தவருக்கு .22 பிடிபடுவது எளிது.

கடலூர் முதுநகரிலிருந்து மகளை அழைத்துவந்த ஒரு தகப்பனார் இதைத்தான் கேட்டார்.

"அண்ணா, ஏர் கன்னுல பழகிட்டு .22-க்குப் போனா எல்லாத்தையும் முதல்லேருந்து பழகணுமே?"

"இல்ல தம்பி. நிக்கிறது, மூச்சு விடுறது, டிரிகர அழுத்துறது, அழுத்துன பிறகும் கண்ண எடுக்காம பாக்குறது, எல்லாம் ஒண்ணுதான். புதுசா பழக வேண்டியது காத்தையும், கையோட ரைஃபிள இறுக்கிப் பிடிக்கிற ஸ்லிங் வாரையும்தான்."

அந்தக் காற்று நம் கடற்கரையில் சாதாரண விஷயமில்லை. பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் 50 மீட்டரில் .22 குண்டு வளையம் வளையமாக நகரும். கையில் எந்தத் தப்பும் இல்லாமலே மிதமான குறுக்குக் காற்று பத்தை எட்டாக்கிவிடும். புதிதாகச் சுடுபவருக்குத் தன் தப்பு எது, காற்றின் தப்பு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. மூடிய 10 மீட்டர் அறையில் அந்தக் குழப்பமே கிடையாது.

பாதுகாப்பும் இங்கே பெரிய காரணம். போட்டி ஏர் ரைஃபிளின் ஆற்றல் எட்டு ஜூல் அளவு; .22 தோட்டா 130 ஜூலைத் தாண்டும். .22 குண்டு ஒரு மைலுக்கு மேல் போகும். பாகூர் நெல்வயல், நெல்லிக்குப்பம் கரும்புத் தோட்டம் என்று நம் நிலமெல்லாம் தட்டை. குண்டைத் தாங்க ஒரு மேடு கிடையாது. எனவே .22-ஐ அனுமதி பெற்ற ரேஞ்சுக்கு வெளியே சுடவே கூடாது. ஏர் ரைஃபிளை வீட்டு நடையில் பெல்லட்டைத் தாங்கும் கெட்டியான பெட்டி வைத்து, கதவைப் பூட்டிவிட்டுப் பழகலாம். தாளின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். ஊசுட்டேரிப் பக்கம் பறவை சுடக் கொண்டுபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சரணாலயம், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். விளையாட்டுக்கே கெட்ட பெயர் வருவது இவர்களால்தான்.

ஸ்பிரிங் வகையா, பி.சி.பி. (முன்கூட்டியே சிலிண்டரில் காற்று அடைத்துவைக்கும்) வகையா என்று அடுத்த கேள்வி வரும். ஸ்பிரிங் ரைஃபிள் விலை குறைவு. ஆனால் சுடும்போது முன்னும் பின்னுமாக இரண்டு முறை உதறும், பிடியைச் சற்று மாற்றினாலும் குறி மாறும். பணம் இடம் கொடுத்தால் இந்தியத் தயாரிப்பு பி.சி.பி. ஒன்றுக்குப் போங்கள், ப்ரெசிஹோல் பி.எக்ஸ்.100 போன்றவை இருக்கின்றன. கைப்பம்பால் காற்று அடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வேகமாக அடித்தால் பம்பு சூடேறி, அந்த ஈரம் சிலிண்டருக்குள் நீராக இறங்கும். பம்பில் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இருக்க வேண்டும். கொஞ்சம் அடித்து, ஆறவிட்டு, மறுபடி அடிக்க வேண்டும்.

பெல்லட் விலை .22 தோட்டா விலையில் சிறு பங்குதான். ஒரு டப்பாவில் 500 இருக்கும். வருஷத்தில் எத்தனை சுடுகை என்ற கணக்கில் இந்த வழிக்குப் பக்கத்தில் வேறொன்றும் வர முடியாது. சென்னை, திருச்சி போன்ற ஊர்களின் கிளப்புகளில் உறுப்பினராகி, மாதம் ஒன்றிரண்டு முறை அங்குள்ள .22-ஐச் சுட்டுவந்தால் போதும்.

இரண்டாம் வழி: நம் படைக்கலத் தொழிற்சாலையின் புது .22

லைசன்ஸ் கைக்கு வந்துவிட்டது, சொந்த ரைஃபிள்தான் வேண்டும் என்பவருக்கு இது நேர் வழி. படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. ரைஃபிள், ரிவால்வர் வேலைகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் வந்தன. இவர்களின் .22 ஸ்போர்ட்டிங் ரைஃபிளில் பெரிய லாபம் காகிதம் சுத்தமாக இருப்பது. பேரல் புதுசு, வரலாறு தெளிவு, பழுதானால் எழுதிக் கேட்க ஓர் இடம் உண்டு.

குறை முடிப்பில். டிரிகர் கனமாக இருக்கும். ஸ்டாக் எல்லா உடம்புக்கும் ஒரே அளவு. இந்த இரண்டையும் சரிசெய்யத் தனியாகப் பணம் ஒதுக்கிவிட்டு வாங்குங்கள்.

மூன்றாம் வழி: பழைய பிர்னோ

இறக்குமதி அடைபடுவதற்கு முன் வந்த செக் நாட்டு பிர்னோ மாடல் 2 ரைஃபிள்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. தாத்தா லைசன்ஸில் இருந்தது, பேரனுக்கு ஆர்வமில்லை, விற்கிறார்கள். வேலைப்பாட்டில் புது இந்திய ரைஃபிளை விட இதுதான் எனக்குப் பிடிக்கும். போல்ட் வழுக்கிக்கொண்டு போகும். ரிசீவரின் (போல்ட் ஓடும் நடுப்பகுதியின்) மேல் 11 மி.மீ. பள்ளம் இருப்பதால் சைட் பொருத்தத் துளை போட வேண்டாம்.

ஆனால் நம் கடற்கரையில் ஐம்பது வருஷம் இருந்த இரும்பை நம்பி வாங்கும்முன் நிதானமாகப் பார்க்க வேண்டும். போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பேரலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். வரிகள் கண்ணாடிபோல் மின்ன வேண்டும். கரும்புள்ளிகள் தெரிந்தால் துரு தின்றிருக்கிறது. பிறகு காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்து, பேரல் வாயின் உள்விளிம்பில் வைத்து வெளிப்பக்கமாகச் சுற்றிலும் இழுங்கள். எங்காவது பஞ்சு நூல் மாட்டினால் அந்த இடத்தில் விளிம்பு கெட்டிருக்கிறது. வாய்ப்பக்கமிருந்து கம்பி விட்டுத் துடைத்தே பல பேரல்கள் இப்படிப் போயிருக்கின்றன. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான். அங்கே சின்னக் கீறல் இருந்தாலும் க்ரூப்பிங் (துளைகள் நெருங்கி விழுவது) சிதறும். அடுத்து சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) விளிம்பு. ரிம்ஃபயர் தோட்டாவில் மருந்து விளிம்புக்குள் இருப்பதால் ஊசி விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லாமல் சும்மா அடித்து அடித்து அந்த இரும்பில் பள்ளம் விழுந்திருக்கலாம். விரல் நகத்தால் தடவினாலே தெரியும். மேகசின் இரண்டு கேளுங்கள். தனியாகத் தேடினால் கிடைப்பது கடினம்.

காகித விஷயத்தில் அவசரம் கூடாது. தனியாரிடமிருந்து தனியாருக்கு மாற்றுவதானால், விற்பவர் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் பொறுக்க வேண்டும் என்கிறது சட்டம். ரைஃபிளில் இருக்கும் எண்ணும் லைசன்ஸில் இருக்கும் எண்ணும் ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். அனுமதி பெற்ற டீலர் மூலம் போவதே நிம்மதி.

இரண்டுக்கும் நடுவே எனக்குத் தேர்வு கொடுத்தால், இந்தச் சோதனைகளில் தேறிய பிர்னோவை எடுப்பேன். தேறவில்லை என்றால், எவ்வளவு அழகான வால்நட் கட்டையாக இருந்தாலும், விலை பாதியாகவே கொடுத்தாலும் வேண்டாம். புது இந்திய ரைஃபிளே மேல்.

எதில் காசு போடுவது

முதலில் ஸ்டாக். ரைஃபிளைத் தோளில் வைத்துக் கண்ணை மூடுங்கள். கன்னத்தைக் கட்டையின்மேல் இயல்பாகச் சாய்த்துக் கழுத்தைத் தளர்த்துங்கள். இப்போது கண்ணைத் திறந்தால் பின்சைட்டின் நடுவில் முன்சைட் நின்றுகொண்டிருக்க வேண்டும். தேடிப் பார்க்க வேண்டியிருந்தால் கன்னப்பகுதி உயரம் தப்பு. முதலில் சொன்ன முதுநகர்த் தகப்பனாரின் மகளுக்கு ஈ.வி.ஏ. ஃபோம் துண்டு இரண்டை அடுக்கித் துணி டேப் சுற்றியதும் அவள் முகத்திலிருந்த சுளிப்பே போய்விட்டது. கைக்காசு நூறுகூட ஆகவில்லை. அதேபோல் பட் (தோளில் பதியும் பின்கட்டை) நீளம். முழங்கையை மடக்கி, பட் பகுதியை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் நுனி டிரிகரை எளிதாகத் தொட வேண்டும். தொழிற்சாலை அளவு பெரிய ஆம்பளைக்குப் போட்டது. நம் பிள்ளைகளுக்கு நீளம். மரத்தைக் குறைக்கலாம், அதையும் லைசன்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள். பேரலை மட்டும் ஓர் அங்குலம்கூடக் குறைக்கக் கூடாது. ஆயுதச் சட்டத்தின் ஆறாம் பிரிவு பேரல் குறைப்பதைத் தனியாகவே தடுக்கிறது.

அடுத்து பேரலுக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள இடைவெளி. ஒரு பத்து ரூபாய் நோட்டை இரண்டாக மடித்து, கட்டையின் முனையில் பேரலுக்கடியில் நுழைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டே போங்கள். ரிசீவர் வரை தடையில்லாமல் போனால் பேரல் சுதந்திரமாக மிதக்கிறது. நடுவில் மாட்டினால் அங்கே மரம் தொடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதும்போது அந்தத் தொடுதல் கூடும். சித்திரையில் சரிபார்த்த சைட் கார்த்திகையில் வேறிடத்தில் அடிக்கும். உப்புத்தாளால் அந்த இடத்தை மெல்லத் தேய்த்து, உள்பள்ளத்துக்கும் வார்னிஷ் பூசிவிட வேண்டும். வெளியே மட்டும் மெருகு போட்டு உள்ளே பச்சை மரமாக விட்டிருப்பது பழைய ரைஃபிள்களில் வழக்கம். கட்டையையும் ரிசீவரையும் பிடிக்கும் திருகுகளை ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில் வையுங்கள். தலையில் ஒரு பெயின்ட் கோடு போட்டுக்கொண்டால் நகர்ந்திருப்பது தெரியும்.

சைட் விஷயத்தில்தான் பணம் அதிகம் வீணாகிறது. கடைக்குப் போனதும் ஸ்கோப் வாங்கிவிடுகிறார்கள். 10 மீட்டர், 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் தொலைநோக்கி சைட்டுக்கு இடமே இல்லை. துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்தான். போட்டி எண்ணம் இருந்தால் நல்ல பீப் சைட்டில் போடுங்கள். முன்சைட் வளையத்தைச் சற்றுப் பெரிதாகவே வைத்துக்கொள்ளுங்கள்; கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரிய வேண்டும். 10 மீட்டர் தாளின் கறுப்பு 30.5 மி.மீ., 50 மீட்டரில் 112.4 மி.மீ. என்றாலும் கண்ணுக்கு 50 மீட்டர் கறுப்புதான் சிறிதாகத் தெரியும். இரண்டுக்கும் ஒரே வளையம் சரிவராது. போட்டி வேண்டாம், தாளில் துளை சேர்த்தால் போதும் என்பவர் ஸ்கோப் வாங்கட்டும். அப்போதும் பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப் வேண்டாம். அது நூறு கெஜத்துக்குச் சீர்செய்தது. 50 மீட்டரில் தலையை அசைத்தால் குறுக்குக்கம்பியும் தாளின்மேல் நகரும்.

டிரிகரைப் பற்றி ஒன்றுதான்: வீட்டில் அரம் எடுத்து உராயாதீர்கள். கொக்கி மெலிந்தால் ரைஃபிள் தட்டுப்பட்டாலே வெடிக்கும். லைசன்ஸ் உள்ளவர் செய்யட்டும். செய்த பிறகு, தோட்டா இல்லாமல் காக் செய்து (போல்ட்டை இழுத்துச் சுடும் நிலைக்குக் கொண்டுவந்து), பட் பகுதியை ரப்பர் பாயில் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

மிச்சப் பணம் முழுவதும் தோட்டாவுக்கு. ஒவ்வொரு .22 பேரலுக்கும் ஒரு தோட்டா பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது. விலை அதிகமானதுதான் பிடிக்கும் என்றும் இல்லை. கிடைக்கிற வகைகளில் ஐந்தைந்தாக ஐந்து க்ரூப் சுட்டுப் பார்த்து, பிடித்ததை ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் வாங்குங்கள். ஒலியின் வேகத்துக்குக் கீழேயே போகும் சாதாரண வேகத் தோட்டா 50 மீட்டருக்குப் பெரும்பாலும் நல்லது.

உப்புக்காற்றும் தேர்தலும்

சுட்ட அன்றே பேரலைச் சேம்பர் பக்கமிருந்து துடைத்து, வெளி இரும்பில் கைரேகை போகும்படி எண்ணெய்த் துணியால் ஒற்றிவிடுங்கள். ஃபோம் வைத்த பெட்டியில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். ஃபோம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு அலமாரியில் சிலிக்கா ஜெல் பையோடு நிற்கவைத்துப் பூட்டுங்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரி தெருக்களில் நின்ற தண்ணீரை நினைத்தால், அலமாரி தரையில் இருக்கக் கூடாது என்பது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசன்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். 2021 ஏப்ரல் 6, 2024 ஏப்ரல் 19 என்று தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்ததால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இந்த வேலை வந்தது. ரைஃபிள் சங்க உறுப்பினராக இருந்தால் விலக்குக் கேட்டு முன்கூட்டியே மனுக் கொடுக்கலாம். கிடைக்கவில்லை என்றால் காவல் நிலையத்தைவிட அனுமதி பெற்ற டீலரிடம் வைப்பது ரைஃபிளுக்கு நல்லது. கொடுப்பதற்கு முன் பேரலுக்குள் கெட்டி எண்ணெய் பூசி, போல்ட்டைத் தனியாக எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொடுங்கள். ரசீதில் ரைஃபிள் எண், போல்ட் எண், மேகசின் எத்தனை, சைட் பொருத்தியிருக்கிறதா என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். திரும்ப எடுத்ததும் எண்ணெயைத் துடைத்துவிட்டு முதல் பத்துத் தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் சுடுங்கள். அதன் பிறகு சைட்டைத் தொடலாம்.